இன்ஜின் வேலை முடிச்சும் கம்ப்ரஷன் வரலையா? திரும்ப இறக்குறதுக்கு முன்னாடி இத பாருங்க

போன மாங்கா சீசன் முடியுற சமயம், காவேரிப்பட்டணம் பக்கத்துல இருந்து ஒரு மாருதி ஆம்னி வேன் வந்துச்சு. தோட்டத்துல இருந்து மண்டிக்கு மாங்கா கிரேட் ஏத்துற வண்டி. இன்ஜின இறக்கி, போர் பண்ணி (சிலிண்டர் துளைய கடைஞ்சு பெருசாக்கி), புது பிஸ்டன் ரிங் வால்வு எல்லாம் போட்டு 200 கிலோமீட்டர் கூட ஓடல, காலையில செல்ஃப் அடிச்சா லேசுல எடுக்காது, எடுத்தாலும் ஸ்லோல வண்டியே ஆடுது, லோடு வச்சா ரெண்டாவது கியர்லயே திணறுது. வேலை பார்த்த எடத்துல கேட்டதுக்கு "ரிங் புடிக்கல போல, திரும்ப இறக்கணும்"னு சொல்லிட்டாங்களாம். அந்த அண்ணா என் பட்டறையில வந்து நின்னப்ப மூஞ்சிய பார்க்கவே கஷ்டமா இருந்துச்சு, சீசன்ல சம்பாதிச்சத அப்படியே இன்ஜினுக்கு போட்டுட்டு திரும்ப அதே செலவுன்னா யாரு தாங்குவாங்க. ஆனா அந்த இன்ஜின இறக்காமலே ரெண்டு மணி நேரத்துல கோளாறு எங்கன்னு புடிச்சாச்சு. ஒரு கம்ப்ரஷன் கேஜ் (பிஸ்டன் சிலிண்டருக்குள்ள காத்த எவ்ளோ அமுக்குதுன்னு காட்டுற மீட்டர்), ஒரு ஃபீலர் கேஜ் (சந்து அளக்குற மெலிசான தகடுங்க), பஞ்சர் போடுற கம்ப்ரஸர் காத்து, இவ்ளோதான் தேவைப்பட்டுச்சு. அத எப்படி பார்க்குறதுன்னு தெரிஞ்சத எல்லாம் இங்க எழுதுறேன், மெக்கானிக் பசங்களுக்கும் உதவும், வண்டி வச்சிருக்குறவங்களுக்கும் கூட நின்னு கேள்வி கேக்க உதவும்.

முதல்ல ஒண்ணு மனசுல வச்சுக்கங்க. ரெண்டு லட்சம் ஓடுன பழைய இன்ஜின்ல கம்ப்ரஷன் கம்மின்னா தேய்மானம், அதுல பெருசா யோசிக்க ஒண்ணும் இல்ல. இப்பதான் வேலை பார்த்த இன்ஜின்ல எதுவும் தேய நேரமே இல்ல, அங்க கம்ப்ரஷன் கம்மின்னா பெரும்பாலும் அளவு தப்பி இருக்கும், இல்ல மாட்டுனது தப்பி இருக்கும், இல்லன்னா இன்னும் ரிங் புடிக்கல (புது ரிங் போரோட ஒட்டி உக்காரல), அதுவும் இல்லன்னா நாம செக் பண்ண முறையே தப்பு. இதுல நெறைய விஷயம் ஹெட்ட கூட கழட்டாம சரி பண்ற விஷயம். அதனால "ரிங்"னு ஒரே வார்த்தையில முடிச்சுட்டு இன்ஜின தூக்க செயின் பிளாக்க மாட்டாதீங்க.

டெஸ்ட் தப்பா பண்ணா எல்லாமே தப்பா போயிடும், அதனால இத கொஞ்சம் விளக்கமாவே சொல்றேன். வண்டி ஸ்டார்ட் ஆகுதுன்னா ஒரு பத்து நிமிஷம் ஓட விட்டு சூடு ஏத்துங்க, ரேடியேட்டர் ஃபேன் போடுற அளவுக்கு கொதிக்க வேணாம், அலுமினிய ஹெட்ல அவ்ளோ சூட்டுல பிளக்க கழட்டுனா மரை சேர்ந்து வந்துடும். பிளக் சுத்தி காத்தடிச்சு மண்ண ஊதிட்டு அப்புறம் கழட்டுங்க, புது போர்ல ஒரு மண் துகள் விழுந்தாலும் கோடு போட்டுடும், நம்ம ஊரு செம்மண் எங்க போனாலும் இருக்கும். எல்லா பிளக்கையும் கழட்டணும், செக் பண்ற சிலிண்டர்ல மட்டும் கழட்டிட்டு மத்தத விட்டா மோட்டார் இழுக்க முடியாம வேகம் கொறஞ்சு ரீடிங் கம்மியா வரும். காயில் கனெக்டர உருவி விடுங்க, இன்ஜெக்ஷன் வண்டின்னா ஃபியூல் பம்ப் ஃபியூஸையும் எடுத்துடுங்க, இல்லன்னா ஒவ்வொரு சுத்துக்கும் பெட்ரோல் உள்ள போய் போர்ல இருக்குற ஆயில கழுவிடும்.

ஆக்சிலரேட்டர அடி வரைக்கும் ஒருத்தர் மிதிச்சு புடிக்கணும். இத விடுறவங்கதான் ஜாஸ்தி. திராட்டில் (காத்து உள்ள போற வழியில இருக்குற தகடு) மூடி இருந்தா இன்ஜினுக்குள்ள காத்தே போகாது, காத்து போகலைன்னா எத அமுக்கும்? நல்ல இன்ஜின் கூட எல்லா சிலிண்டர்லயும் கம்மியா காட்டும். அதே மாதிரி பேட்டரி. நாலு மாசமா பட்டறையில கெடந்த வண்டி பேட்டரில செக் பண்ணிட்டு இன்ஜின் போச்சுன்னு சொல்லக்கூடாது, சந்தேகம்னா நல்ல பேட்டரிய ஜம்பர் போட்டு பாருங்க. ஒவ்வொரு சிலிண்டருக்கும் ஆறு தடவ அமுக்குற வரைக்கும் செல்ஃப் அடிங்க, எல்லாத்துக்கும் அதே கணக்கு. முள்ளு முதல் தடவ எவ்ளோ எகிறுச்சு, கடைசியா எங்க நின்னுச்சு, ரெண்டையும் பேப்பர்ல எழுதுங்க. ரெண்டு தடவ எடுத்து ரெண்டும் ஒத்து வந்தாதான் அந்த நம்பர நம்பணும்.

கேஜையும் சந்தேகப்படுங்க. ஹோஸ் முனையில டயர் வால்வு பின் மாதிரி ஒண்ணு இருக்கும், பார்க்க அதே மாதிரிதான், ஆனா அதுல ஸ்பிரிங் ரொம்ப மெலிசு. அது தொலைஞ்சு போய் யாராவது டயர் பின்ன போட்டு வச்சிருந்தா ரீடிங் கம்மியாதான் வரும். உங்களுக்கு நல்லா தெரிஞ்ச, நல்லா ஓடுற வண்டி ஒண்ணுல அதே கேஜ மாட்டி பார்த்துட்டா சந்தேகம் தீர்ந்துச்சு.

இப்ப நம்பருக்கு வருவோம். சாதாரண பெட்ரோல் வண்டிக்கு 150ல இருந்து 200 பிஎஸ்ஐக்குள்ள வரும், கிலோ கணக்குல சொல்றவங்களுக்கு 1 கிலோன்னா 14.2 பிஎஸ்ஐ, அப்ப பதினொரு கிலோ பன்னெண்டு கிலோ வந்தா பயம் இல்ல. உங்க வண்டி மேனுவல்ல என்ன போட்டிருக்கோ அதுதான் கடைசி வார்த்தை. ஆனா அந்த மேனுவல் நம்பர அப்படியே ஓசூர்ல வச்சு ஒப்பிட்டுடாதீங்க. மேல போகப்போக காத்து மெலிசாகும், 1000 அடிக்கு சுமார் 3 சதவீதம் ரீடிங் கொறையும். தருமபுரி 450 மீட்டருக்கு மேல இருக்கு, ஓசூர் 900 மீட்டர் கிட்ட. சென்னையில 180 காட்டுற அதே இன்ஜின் தருமபுரில 170 பக்கம் காட்டும், ஓசூர்ல 160 சொச்சம்தான் காட்டும், இன்ஜின்ல ஒரு கொறையும் இருக்காது. கீழ வேலை பார்த்துட்டு ஓசூர்ல செக் பண்ணி சண்டைக்கு போனவங்கள எனக்கு தெரியும்.

நம்பர் பெருசா இருக்குறத விட சிலிண்டருக்கு சிலிண்டர் ஒத்து இருக்குறதுதான் முக்கியம். பெரியதுக்கும் சின்னதுக்கும் நடுவுல பத்து சதவீதத்துக்கு மேல வித்தியாசம் இருந்தா ஏதோ ஒரு எடத்துல கோளாறு. அந்த ஆம்னி 796 சிசி, மூணு சிலிண்டர், முன் சீட்ட தூக்குனா கீழயே இன்ஜின், உக்காந்துட்டே வேலை பார்க்கலாம். முதல் சிலிண்டர் 160, மூணாவது 165, நடுவுல இருக்குற ரெண்டாவது வெறும் 55. இத பார்த்ததுமே எனக்கு பாதி நம்பிக்கை வந்துருச்சு. ஏன்னா ஒரே லேத்துல, ஒரே நாள்ல, ஒரே பெட்டியில இருந்து எடுத்த ரிங்க மூணு போர்லயும் போட்டிருக்காங்க, ரிங் புடிக்கலைன்னா மூணுலயும்தான் கொறையணும், ஒண்ணு மட்டும் ஏன் 55க்கு போகணும்?

நம்பர் விழுந்திருக்குற விதத்துலயே பாதி பதில் இருக்கு. ஒரே ஒரு சிலிண்டர் கம்மின்னா வால்வு, டப்பெட் (வால்வ அமுக்குற ராக்கருக்கும் வால்வு தண்டுக்கும் நடுவுல வைக்குற சந்து), மாட்டும்போது ஒடஞ்ச ரிங், இந்த மூணுல ஒண்ணு. பக்கத்து பக்கத்துல ரெண்டு சிலிண்டர் ரெண்டும் ஒரே மாதிரி கம்மின்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல ஹெட் கேஸ்கெட் (ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில வைக்குற தகடு) விட்டிருக்கு. எல்லாமே ஒரே அளவுல கம்மின்னா டைமிங் (வால்வு தொறந்து மூடுற நேரம்), தப்பு ரிங், தப்பு பிஸ்டன், தடிமனான கேஸ்கெட், கண்ணாடி மாதிரி ஆன போர், இல்லன்னா டெஸ்ட்டே தப்பு. முள்ளு எப்படி ஏறுதுங்கறதும் ஒரு துப்பு: முதல் தடவ கம்மியா இருந்து அடுத்தடுத்து நல்லா ஏறுச்சுன்னா ரிங் பக்கம், முதல்ல இருந்தே கம்மியா நின்னு ஏறவே மாட்டேங்குதுன்னா வால்வு பக்கம். அந்த ரெண்டாவது சிலிண்டர்ல முள்ளு 35க்கு போயி, 50க்கு போயி, 55ல நின்னுடுச்சு, அதுக்கு மேல அசையல.

அடுத்து ஆயில் ஊத்தி பார்க்குறது. கம்மியான சிலிண்டர்ல பிளக் ஓட்டை வழியா ஒரு டீஸ்பூன், 5 மில்லி இன்ஜின் ஆயில், அதுக்கு மேல வேணாம், ஊத்தி ரெண்டு சுத்து சுத்தி விட்டு திரும்ப கேஜ் மாட்டுங்க. நம்பர் நல்லா எகிறுச்சுன்னா ரிங் சந்துல விடுது, ஆயில் போய் அத அடைச்சிருக்கு. நம்பர் அசையலைன்னா வால்வு, இல்லன்னா கேஸ்கெட், ஆயில் அங்க போய் அடைக்காது. ஆனா புது இன்ஜின்ல இது ஏமாத்தவும் செய்யும், இன்னும் ஸ்டார்ட்டே ஆகாத இன்ஜின்ல அசெம்பிள் பண்ணும்போது தடவுன ஆயில் ஏற்கனவே ரிங்ல நிறைய இருக்கும், அதனால முதல் ரீடிங்கே நல்லா காட்டிடும். இன்னொண்ணு, ஆயில ஜாஸ்தி ஊத்துனா அந்த ஆயிலே எடத்த அடைச்சு கம்ப்ரஷன ஏத்தி காட்டும். ஆம்னில ஊத்துனோம், 55 இருந்தது 60 ஆச்சு. கோளாறு ரிங்ல இல்லன்னு கிட்டத்தட்ட முடிவாயிடுச்சு.

இங்கதான் எனக்கு ரொம்ப புடிச்ச டெஸ்ட், காத்து விட்டு பார்க்குறது. தனியா லீக் டவுன் கேஜ் இருந்தா எத்தன சதவீதம் போகுதுன்னு நம்பராவே சொல்லும், புதுசா வேலை பார்த்த இன்ஜின் பத்து சதவீதத்துக்குள்ள இருந்தா நல்லது, இருபதுக்கு மேல போனா ஆராயணும். அந்த கேஜ் இல்லன்னாலும் கவலை இல்ல, எவ்ளோ போகுதுங்கறத விட எங்க போகுதுங்கறதுதான் நமக்கு வேணும். கம்ப்ரஷன் கேஜோட ஹோஸ மட்டும் பிளக் ஓட்டையில மாட்டி, அதுல இருக்குற வால்வு பின்ன கழட்டிட்டு, கம்ப்ரஸர் ஹோஸ கப்ளிங்ல சேர்த்து 40, 50 பிஎஸ்ஐ விடுங்க, போதும். வேலை முடிஞ்சதும் பின்ன மறக்காம திரும்ப போடுங்க.

பிஸ்டன் கம்ப்ரஷன் டெட் சென்டர்ல (காத்த அமுக்கிட்டு உச்சியில வந்து நிக்குற எடம்) இருக்கணும், அப்பதான் ரெண்டு வால்வும் மூடி இருக்கும். பிளக் ஓட்டையில விரல வச்சுட்டு கிராங்க் போல்ட்ட ஸ்பேனர்ல மெதுவா சுத்துனா, விரல தள்ளிட்டு காத்து வர்றதுதான் கம்ப்ரஷன், அங்க இருந்து புல்லி மார்க்குக்கு கொண்டு போங்க. டாப் கியர்ல போட்டு, ஹேண்ட் பிரேக் இழுத்து, சக்கரத்துக்கு கல்லு வைங்க. காத்த திறக்குறதுக்கு முன்னாடி கிராங்க் போல்ட்ல இருந்து ஸ்பேனர எடுத்துடுங்க, தயவு செஞ்சு எடுத்துடுங்க. பிஸ்டன் ஒரு நூல் தள்ளி இருந்தாலும் காத்து அத அமுக்கி இன்ஜின திருப்பும், அந்த ஸ்பேனர் கைய உடைச்சுடும்.

அப்புறம் காத தீட்டிட்டு கேளுங்க. ஏர் கிளீனர் பக்கம் திராட்டில் பாடியில சீறுச்சுன்னா இன்டேக் வால்வு. சைலன்ஸர் முனையில சீறுச்சுன்னா எக்ஸாஸ்ட் வால்வு. ஆயில் கேப், டிப்ஸ்டிக் வழியா வந்தா ரிங், இதுல கொஞ்சமா ஒரு சத்தம் எந்த இன்ஜின்லயும் இருக்கத்தான் செய்யும், பயப்படாதீங்க. ரேடியேட்டர் மூடிய திறந்து வச்சா தண்ணில முட்டை முட்டையா கிளம்புச்சுன்னா கேஸ்கெட், இல்ல ஹெட்ல வெடிப்பு. பக்கத்து பிளக் ஓட்டையில காத்து வந்தா ரெண்டு சிலிண்டருக்கும் நடுவுல கேஸ்கெட் போயிருக்கு.

ஆம்னில காத்த திறந்ததும் பின்னாடி சைலன்ஸர்ல "ஸ்ஸ்ஸ்"னு ஒரே சீறல், பையன் கைய வச்சு பார்த்தான், காத்து உள்ளங்கையில அடிக்குது. எக்ஸாஸ்ட் வால்வு மூடல. டப்பெட் கவர கழட்டுனோம். ரெண்டாவது சிலிண்டர் எக்ஸாஸ்ட் ராக்கர்ல ஃபீலர் கேஜோட ரொம்ப மெலிசான தகடு, 0.05 மில்லிமீட்டர், அதுவே நுழையல. ராக்கர கையால ஆட்டி பார்த்தா துளி ஆட்டம் கெடையாது. கம்ப்ரஸர் காத்து அப்படியே போயிட்டு இருக்கும்போதே லாக் நட்ட தளர்த்தி ஸ்க்ரூவ மெதுவா திருப்புனேன், கால் சுத்து கூட திரும்பல, சைலன்ஸர்ல சத்தம் டக்குனு நின்னுடுச்சு. அந்த அண்ணாவும் பின்னாடிதான் நின்னுட்டு இருந்தாரு, "நின்னுருச்சு தம்பி"ன்னு அவரே சத்தமா சொன்னாரு. மூணு சிலிண்டருக்கும் மேனுவல் அளவுக்கு டப்பெட் வச்சு திரும்ப செக் பண்ணா 160, 158, 165.

இது ஏன் வேலை பார்த்த இன்ஜின்ல அடிக்கடி வருதுன்னா, வால்வு சீட்ட கட் பண்ணி, வால்வ பேஸ்ட் போட்டு தேய்ச்சதும் வால்வு ஹெட்டுக்குள்ள கொஞ்சம் இறங்கி உக்காரும். உள்ள இறங்குன அளவுக்கு அந்தப் பக்கம் அதோட தண்டு முனை எகிறும், எகிறுனா ராக்கருக்கும் தண்டுக்கும் நடுவுல இருந்த சந்து காணாம போயிடும், வால்வு எப்பவுமே ஒரு மயிரிழை தொறந்தே இருக்கும். டப்பெட்ட ஹெட் டைட் பண்றதுக்கு முன்னாடியே வச்சாலும் இதே கோளாறு வரலாம். இத அப்படியே ஓட்டுனா எக்ஸாஸ்ட் வால்வு எரிஞ்சுடும், ஏன்னா வால்வு சீட்ல உக்காரும்போதுதான் தன்னோட சூட்ட ஹெட்டுக்கு குடுக்குது, உக்காரலைன்னா சூடு போக வழி இல்ல. 200 கிலோமீட்டர்லயே வந்ததால அந்த வால்வு பொழச்சுது. ஹைட்ராலிக் டப்பெட் (ஆயில் அழுத்தத்துல தானே சந்த சரி பண்ணிக்குற லிஃப்டர்) வண்டில ஸ்க்ரூ கெடையாது, சீட் அளவுக்கு மேல இறங்கிட்டா லிஃப்டருக்கு அமுங்க எடம் இல்லாம இதே கதைதான், அங்க தண்டு முனைய அளவா தேய்க்கணும், இல்ல சீட் மாத்தணும்.

டப்பெட் சரியா இருந்தும் வால்வுல சீறுச்சுன்னா ஹெட்ட எடுக்க வேண்டியதுதான், ஆனா ஹெட்ட மட்டும். கழட்டுன ஹெட்ட கவுத்து வச்சு, பிளக்க மாட்டி, ஒவ்வொரு குழியிலயும் மண்ணெண்ணெயோ பெட்ரோலோ ஊத்தி அஞ்சு நிமிஷம் விடுங்க, பீடி சிகரெட் பக்கத்துல வரக்கூடாது. போர்ட் பக்கம் எட்டி பார்த்தா எந்த வால்வுல கசியுதுன்னு ஈரமே காட்டிக்குடுக்கும். வால்வ எடுத்து சீட்டுல பென்சில்ல குறுக்கால பத்து கோடு போட்டு, வால்வ வச்சு கால் சுத்து திருப்பி எடுங்க, எல்லா கோடும் அழிஞ்சிருந்தா சுத்தி முழுசா உக்காருது, ஒரு பக்கம் கோடு அப்படியே இருந்தா அங்கதான் விடுது. புது கைடு (வால்வு தண்டு ஏறி இறங்குற குழாய்) அடிச்சுட்டு சீட்ட கட் பண்ணாம விட்டா இப்படித்தான் ஆகும், கைடு மாறுனா மையம் மாறும், வெறும் பேஸ்ட் போட்டு தேய்ச்சு அத சரி கட்ட முடியாது.

எல்லா சிலிண்டரும் ஒரே மாதிரி கம்மியா இருந்தா, ரிங்க நினைக்குறதுக்கு முன்னாடி டைமிங் கவர திறங்க. பெல்ட் மாட்டும்போது மார்க் சரியாதான் இருக்கும், டென்ஷனர டைட் பண்ற நேரத்துல ஒரு பல்லு நகர்ந்துடும், யாரும் திரும்ப பார்க்குறது இல்ல. கேம் புல்லில 40 பல்லு இருக்குன்னு வைங்க, ஒரு பல்லுன்னா கேம்ல 9 டிகிரி, கிராங்க்ல 18 டிகிரி. கேம் லேட் ஆனா இன்டேக் வால்வு லேட்டா மூடும், பிஸ்டன் மேல வரும்போது உள்ள வந்த காத்த திரும்ப மேனிஃபோல்டுக்கே தள்ளி விட்டுடும், எல்லா சிலிண்டர்லயும் நம்பர் விழும். பெல்ட் மாட்டுனதும் கிராங்க கையால முழுசா ரெண்டு சுத்து சுத்தி மார்க் திரும்ப ஒண்ணு சேருதான்னு பார்த்துட்டுதான் கவர மூடணும், சுத்தும்போது எங்கயாவது கெட்டியா தட்டுச்சுன்னா அதுக்கு மேல அழுத்தாதீங்க, வால்வு பிஸ்டன்ல இடிக்குதுன்னு அர்த்தம்.

டைமிங் சரின்னா அப்புறம் ரிங். அரூர் பக்கத்துல இருந்து நாலு சிலிண்டர் வண்டி ஒண்ணு வந்துச்சு, நாலுலயும் 95, 100 அந்த அளவுதான், ஆயில் ஊத்துனா 150க்கு எகிறுது, ஆயில் கேப்ப தொறந்தா ரயில் மாதிரி புகை. இத பிரிச்சுதான் ஆகணும், வேற வழி இல்ல. பிரிச்சு ஒரு ரிங்க எடுத்து போர்ல விட்டு, பிஸ்டன் தலையால நேரா ஒரு இஞ்சு உள்ள தள்ளி, ரிங்கோட வெட்டு வாய்க்கு நடுவுல ஃபீலர வச்சோம், தகடு தகடா சேர்த்துட்டே போறோம், 1.8 மில்லிமீட்டர் வந்துச்சு. போர் 0.50 மில்லிமீட்டர் ஓவர்சைஸ் (கம்பெனி அளவ விட பெருசு), பிஸ்டனும் 0.50, ரிங் பெட்டி மட்டும் ஸ்டாண்டர்ட் (கம்பெனி அளவு). விட்டம் 0.50 கூடுனா சுத்தளவு 1.57 கூடும், அந்த 1.57 அப்படியே ரிங் வாய்ல போய் சேர்ந்துருச்சு. மேல் ரிங்குக்கு தோராய கணக்கு, போர் ஒரு இஞ்சுக்கு 4 தவ் (இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்கு ஒரு தவ்), அதாவது 25 மில்லிமீட்டருக்கு சுமார் 0.1. ஆம்னி மாதிரி 68.5 போருக்கு 0.27 பக்கம் வரணும். ரிங் போடுறவங்க ஒவ்வொரு ரிங்கையும் அது போகப்போற போர்லயே விட்டு அளந்துட்டு போட்டா இந்த செலவே வந்திருக்காது, ஒரு ரிங்குக்கு ஒரு நிமிஷம் கூட ஆகாது.

பிரிச்ச கையோட மத்ததையும் பாருங்க. ரிங்ல புள்ளி, எழுத்து எது இருந்தாலும் அது மேல பார்த்து இருக்கணும், ரெண்டாவது ரிங் தலைகீழா போனா ஆயில கீழ வழிக்குறதுக்கு பதிலா மேல ஏத்தி விடும். மூணு ரிங் வாயும் ஒரே நேர்ல வந்திருக்கக்கூடாது. பிஸ்டன் உள்ள விடும்போது கம்ப்ரஸர் பட்டை சரியா புடிக்காம சுத்தியால அடிச்சிருந்தா ரிங் ஒடஞ்சு போர்ல கீறல் இருக்கும், விரல் நகத்த ஓட்டுனா மாட்டும். போர்ல ஹோன் பண்ண (கல்லால தேய்ச்ச) குறுக்கு கோடு தெரியுதா பாருங்க. வேற மாடல் பிஸ்டன் போயிருந்தா தலையில குழி ஆழமா இருக்கும், பழைய பிஸ்டன தூக்கி போடாம வச்சிருந்தீங்கன்னா பக்கத்துல வச்சு பார்த்தாலே தெரியும். அதுக்காகவே பழைய சாமான எல்லாம் ஒரு சாக்குல கட்டி வாங்கிட்டு வந்துடுங்க.

கேஸ்கெட் பத்தி கொஞ்சம்தான் சொல்லணும். ஹெட் மட்டமா இருக்கான்னு ஸ்ட்ரெயிட் எட்ஜ் வச்சு குறுக்கும் நெடுக்கும் பாருங்க, 0.05 தகடு எங்கயும் நுழையக்கூடாது. போல்ட் ஓட்டையில ஆயிலோ தண்ணியோ தங்கி இருந்தா டார்க் ரென்ச் கிளிக் ஆகும், ஆனா போல்ட் புடிச்சிருக்காது, உள்ள இருக்குற ஆயில்தான் எதிர்த்து நிக்கும், சில சமயம் பிளாக்கே வெடிச்சுடும். காத்தடிச்சு ஒவ்வொரு ஓட்டையையும் காய வைங்க. நடுவுல இருந்து வெளிய, மூணு நாலு தடவையா டைட் பண்ணுங்க.

எல்லாமே சரியா இருந்து, 130, 135னு எல்லா சிலிண்டரும் ஒத்து இருந்தா அவசரப்படாதீங்க, அது ரிங் புடிக்காததுதான், ஓட்டுனா சரியாகும். ஆனா எப்படி ஓட்டுறீங்கங்கறதுல எல்லாம் இருக்கு. இன்ஜின் வேலை முடிஞ்சதும் ராத்திரி முழுக்க ஸ்லோல விட்டுடுன்னு சொல்ற பழக்கம் நம்ம பக்கம் இன்னும் இருக்கு, இது தப்பு, நான் இத அடிச்சு சொல்வேன். ரிங்க போரோட அழுத்துறது அதோட சொந்த டென்ஷன் மட்டும் இல்ல, எரியுற கேஸ் ரிங்குக்கு பின்னாடி போய் அத வெளிய தள்ளுது. ஸ்லோல அந்த அழுத்தம் கெடையாது, ரிங் ஆயில் மேல வழுக்கிட்டே இருந்து, ஹோன் கோடு மேல ஆயில் சுட்டு போய் கண்ணாடி மாதிரி ஆயிடும். அதுக்கப்புறம் எத்தன ஆயிரம் ஓட்டுனாலும் புடிக்காது, பிரிச்சு திரும்ப ஹோன் அடிச்சு புது ரிங் போடணும்.

சூடு ஏறுனதும் ரோட்டுக்கு கொண்டு போங்க. மூணாவது கியர்ல 40ல இருந்து 70 வரைக்கும் நல்லா மிதிச்சு ஏத்துங்க, அப்புறம் கால எடுத்துட்டு கியர்லயே 40க்கு இறங்க விடுங்க, பத்து பதினஞ்சு தடவ. காரிமங்கலம் தாண்டி கிருஷ்ணகிரி போற ரோடு மாதிரி நேரா, கூட்டம் கம்மியா இருக்குற நேரத்துல, விடியக்காலம்னா நல்லது. தொப்பூர் கணவாய்க்கு இந்த ஓட்டத்துக்காக போகாதீங்க, சேலம் பக்கம் இறங்கும்போது முன்னாடியும் பின்னாடியும் லோடு லாரி, அங்க ஏத்தி இறக்கி விளையாட எடம் இல்ல. வேற வேலையா அந்த வழியா போறதா இருந்தா கியர்லயே இறங்குங்க, நியூட்ரல் எந்த வண்டிக்கும் அங்க ஆகாது. முதல் ஆயில் மினரல் ஆயில் போதும், 500 கிலோமீட்டர்ல மாத்திடுங்க, வடிச்ச ஆயில வெயில்ல புடிச்சு பாருங்க, லேசா பொடி மினுங்கலாம், துண்டு துண்டா இருந்தா நிறுத்துங்க.

டீசல் வண்டிக்காரங்களுக்கு ஒரு வார்த்தை. பெட்ரோல் கேஜ அதுல மாட்டாதீங்க, டீசல்ல 350, 400க்கு மேல போகும், கேஜ் செதறிடும், அதுக்குன்னு தனி கேஜ் இருக்கு. ஆயில் ஊத்தி பார்க்குற டெஸ்ட்டையும் டீசல்ல நம்பாதீங்க, மேல இருக்குற எடமே ரொம்ப சின்னது, ஒரு ஸ்பூன் ஆயில் போனாலே நம்பர் எகிறிடும், ஜாஸ்தி போனா ராடு வளைஞ்சுடும். காத்து விட்டு பார்க்குறதுதான் சரி. நெறைய டீசல் இன்ஜின்ல ஹெட் கேஸ்கெட் ரெண்டு மூணு தடிமன்ல வரும், ஓரத்துல வெட்டு, ஓட்டை வச்சு அடையாளம் இருக்கும், பிஸ்டன் பிளாக்குக்கு மேல எவ்ளோ எட்டி பார்க்குதுன்னு டயல் வச்சு அளந்துதான் எதுன்னு எடுக்கணும். கைக்கு கெடச்சத போட்டா காலையில ஸ்டார்ட் ஆகாது.

கடைசியா, 1000 கிலோமீட்டர் ஆனதும் திரும்ப ஒரு தடவ கேஜ் மாட்டி பாருங்க, முதல்ல எடுத்த நம்பர், தேதி, கிலோமீட்டர் எல்லாம் பக்கத்துலயே எழுதி வைங்க. அந்த ஆம்னிக்கு முன் சீட்டுக்கு அடியில வெள்ளை டேப் ஒட்டி மார்க்கர்ல எழுதி வச்சிருக்கேன், முதல் வரி 160, 55, 165. அதுக்கு கீழ 160, 158, 165. ஆயிரம் ஓடிட்டு வந்தப்ப எழுதுனது 168, 165, 170.